பிளாஸ்டிக் பிலிம் கேமராவுக்கும் கணக்கு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலிவு விலை பிலிம் கேமராக்கள் திரும்ப வந்திருப்பது பற்றித் தங்கள் நாளிதழின் இளைஞர் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வண்டியேறும் பிள்ளைகளில் பலர் கழுத்தில் இந்தப் பிளாஸ்டிக் கேமரா தொங்குவது உண்மைதான். ஆனால் கிடைத்த ரோலைப் போடுங்கள், கண்டதை எடுங்கள், வந்தது வரட்டும் என்கிற ரீதியில் கட்டுரை சொன்ன யோசனையில் எங்களுக்கு உடன்பாடில்லை. அப்படி எடுத்தால் 36 படத்தில் பாதி, சேறு பூசினாற்போல் வரும். ரோல் விலை, கழுவுகிற கூலி, ஸ்கேன் கூலி எல்லாம் சேர்த்தால் சில ரோல்களிலேயே கேமராவின் விலை தாண்டிவிடும். விலை உயர்ந்த கேமராவில் யோசிக்காமல் எடுத்தாலும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் காப்பாற்றும். இதில் எடுக்கும் நேரத்தில் திருப்பவோ மாற்றவோ ஒன்றுமே கிடையாது. யோசனையெல்லாம் ரோல் போடுவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

இப்போது விற்கும் 35 மி.மீ. விளையாட்டு கேமராக்கள் பெயரளவில்தான் பலவகை. உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றே. கோடாக் எம்35-ஐ எடுத்துக்கொள்வோம். 31 மி.மீ. பிளாஸ்டிக் லென்ஸ், எஃப் 10 என்ற ஒரே அப்பெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்; எஃப் எண் கூடினால் துவாரம் சிறிதாகும்), நொடியில் 120-இல் ஒரு பங்கு என்ற ஒரே ஷட்டர் வேகம். போகஸ் வளையமும் மீட்டரும் கிடையாது. அரை பிரேம் எடுக்கும் எக்டார் எச்35-இல் 22 மி.மீ. லென்ஸ், எஃப் 9.5, நொடியில் 100-இல் ஒரு பங்கு; 36 ரோலில் 72 படம் விழும். பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாகப் பதிக்கும் என்பதைச் சொல்லும் எண் ஐ.எஸ்.ஓ.; ரோல் டப்பாவில் அச்சிட்டிருக்கும் அந்தக் குறியீட்டை இவை படிப்பதில்லை. நீங்கள் 100 போட்டாலும் 800 போட்டாலும் கேமரா உள்ளே விடும் வெளிச்சம் மாறாது.

கணக்கு இதுதான். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஐ.எஸ்.ஓ. எண்ணையே ஷட்டர் வேகமாக வைத்தால் படம் சரியாக விழும் என்பது ஸ்டூடியோக்காரர்களுக்கெல்லாம் மனப்பாடமான விதி. அதை எம்35-இன் எஃப் 10, 120-இல் ஒரு பங்குக்குப் பொருத்திப் பார்த்தால், வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 ரோலுக்கு சுமார் 1 ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் விழும். (1 ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, 1 ஸ்டாப் குறைந்தால் பாதி.) 200-க்கு 2 ஸ்டாப், 400-க்கு 3 ஸ்டாப் கூடுதல். வெயிலோடு ஒப்பிட்டால் மெல்லிய மேகம் 1 ஸ்டாப் குறைக்கும். தரையில் நிழலே விழாத மேகமூட்டம் 2. மழைக்குக் கறுத்த வானம் 3. வெயில் நாளில் கட்டடத்தின் நிழலுக்குள் நின்றால் 4. கழித்துப் பாருங்கள்: 400 ரோல் மழை மேகத்திலும் சரியாக விழும், கட்டட நிழலில் 1 ஸ்டாப் மட்டும் குறையும். 200 ரோல் மேகமூட்டம் வரை தாங்கும், நிழலில் 2 ஸ்டாப் குறைந்துவிடும். 100 ரோல் வெயிலுக்கும் மெல்லிய மேகத்துக்கும் மட்டும்தான்.

கூடுதலைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். கலர் நெகட்டிவ் 3 ஸ்டாப் வரை கூடுதல் வெளிச்சத்தை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். நெகட்டிவ் அடர்த்தியாகும், ஸ்கேன் செய்பவர் சரிக்கட்டிவிடுவார். குறைவை அது மன்னிக்காது. வெளிச்சம் போதாத இடத்தில் எமல்ஷனில், அதாவது பிலிமின் மேல் வெளிச்சம் பதியும் பூச்சில், பதிவே இல்லை. இல்லாததை எந்த ஸ்கேனரும் கொண்டுவர முடியாது. அதனால் இந்த கேமராவில் சந்தேகம் வந்தால் 400. சேலம் நகருக்குள் பகலில் மட்டும் எடுப்பதென்றால் 200 போதும். நெகட்டிவாக இல்லாமல் நேரே படமாகவே வரும் ஸ்லைடு பிலிமை இதில் போடவே வேண்டாம். அதற்குக் கூடுதலும் ஆகாது, குறைவும் ஆகாது.

விதி சொல்லும் வெயில் சாதாரணத் தரைக்கானது. சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் தோண்டிக் குவித்திருக்கும் பக்கம் போனால் தரையே கண்ணைக் கூசவைக்கும். அங்கே இன்னும் 1 ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். 400 ரோலுக்கு அது 4 ஸ்டாப் கூடுதல், அதாவது எல்லைக்கு வெளியே. அந்த வெண்மையில் எடுக்க நினைப்பவர்கள் 100 போடலாம்.

மலை மேலே நிலைமை தலைகீழ். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்கள் சில்வர் ஓக் நிழலில் வளர்பவை. உச்சி வெயிலில் சாலையில் நின்று பார்த்தால் தோட்டத்துக்குள் வெளிச்சம் இருப்பதாகத்தான் தோன்றும், ஏனென்றால் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. செடிகளுக்கு நடுவே போய் எடுத்தால் 400 ரோலிலும் 2 ஸ்டாப் குறையும். தோட்டத்தின் விளிம்பில், வெயில் பக்கவாட்டில் விழும் இடமாகப் பார்த்து எடுப்பது மேல். மிளகுக் கொடி ஏறிய மரத்தண்டு ஒருபக்கம் வெளிச்சமும் ஒருபக்கம் இருட்டுமாக நிற்கும். விளிம்பு மங்கும் பிளாஸ்டிக் லென்ஸுக்கு அது நன்றாக ஒத்துப்போகும்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட். இருட்டிய பிறகு கீழே தெரியும் சேலத்து விளக்குகளை எடுத்துவிட்டு, லேபில் படம் போச்சு என்று சண்டைக்குப் போகிறார்கள். படம் போகவில்லை, வரவே இல்லை. தொலைவிலுள்ள நகர விளக்குகளைப் பதிக்கச் சில நொடிகள் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். 120-இல் ஒரு பங்கு நொடியில் 400 ரோலுக்குத் தேவையானதில் சில நூறில் ஒரு பங்குதான் விழும். பிளாஷ் போட்டால் முன்னாலிருக்கும் கம்பி வேலி வெள்ளையாக வரும், அவ்வளவுதான். இந்த பிளாஷ் 3 மீட்டருக்கு மேல் எட்டாது. அங்கே படம் வேண்டுமென்றால் சூரியன் மேற்கே இறங்கி முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். பொழுது சாய்ந்த பின் ரோலை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம்.

பனிமூட்டத்திலும் பிளாஷ் கூடாது. முன்னால் மிதக்கும் நீர்த்துளிகள் எல்லாம் வெள்ளைப் பொட்டுகளாகப் பதிந்து பின்னாலிருப்பதை மறைத்துவிடும். பனிமூட்டம் கான்ட்ராஸ்ட்டை, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான வேறுபாட்டை, குறைக்கிறது; பிளாஸ்டிக் லென்ஸும் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சாம்பல் நிற வெறுமைதான் மிஞ்சும். 2, 3 மீட்டர் தொலைவில் கறுப்பாக ஏதாவது ஒன்று, மரத்தண்டோ குடை பிடித்த ஆளோ, சட்டத்துக்குள் இருந்தால் பின்னாலிருக்கும் மூட்டம் மூட்டமாகத் தெரியும். குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள்ளோ, கீழே சேலத்துக்கோ கொண்டுவந்தால் லென்ஸின் உள்பக்கம் வேர்க்கும். அதைத் துடைக்க வழியில்லை. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் கொண்டுவந்து, பையோடு அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் போதும்.

அட்டைப் பெட்டியில் 1 மீட்டரிலிருந்து எல்லாம் தெளிவு என்று போட்டிருக்கும். 31 மி.மீ., எஃப் 10-க்குக் கணக்குப் போட்டால், லென்ஸை 3.2 மீட்டரில் நிறுத்தியிருந்தால்தான் தொலைவிலுள்ள மலை தெளிவாக இருக்கும். அப்போது பக்கத்தில் தெளிவு தொடங்கும் தூரம் 1.6 மீட்டர். கை நீட்டித் தன்னையே எடுத்துக்கொள்ளும் படம் மங்குவது இதனால்தான். இன்னொன்று: பார்க்கும் ஓட்டை வேறு, லென்ஸ் வேறு. ஓட்டையில் எல்லாம் சரியாகத் தெரியும்போது லென்ஸின் மேல் விரல் இருக்கலாம், கயிறு தொங்கலாம். 2 மீட்டருக்குள் எடுக்கும்போது ஓட்டை இருக்கும் பக்கமாக கேமராவைச் சற்று நகர்த்தினால் தலை வெட்டுப்படாது.

மலைப்பாதையில் பஸ் ஜன்னல் வழியாக எடுப்பது நல்ல பரிசோதனை, அதிலும் கணக்கு இருக்கிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும் பஸ், 120-இல் ஒரு பங்கு நொடியில் சுமார் 4.6 செ.மீ. நகரும். 3 மீட்டர் தள்ளியிருக்கும் தடுப்புச் சுவர் பிலிமில் அரை மி.மீ. அளவுக்கு இழுபடும், கோடுகோடாக வரும். 100 மீட்டருக்கு அப்பாலிருக்கும் மலைச்சரிவு அசையாமல் நிற்கும். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது எடுத்தால் இரண்டும் வெவ்வேறு விதமாக இழுபடும். ஏற்காட்டுப் பாதையில் அப்படி 20 வளைவுகள் இருக்கின்றன; ஒன்றிரண்டு போதும்.

இனி ரோல் போடும் விஷயம். புதிதாக வாங்கியவர்கள் காலி கேமராவில் பட்டனை அழுத்திப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இவற்றில் ஷட்டரை ஏற்றுவது பிலிமின் ஓரத் துளைகள்தான். துளைகள் பல்சக்கரத்தைச் சுழற்றினால்தான் ஷட்டர் தயாராகும். ரோல் இல்லாமல் சோதிக்க, பின்கதவைத் திறந்து அந்தப் பல்சக்கரத்தை விரலால் க்ளிக் என்று நிற்கும் வரை தள்ளிவிட்டு அழுத்துங்கள். ரோல் போட்டதும், பிலிமின் நாக்கு சுருட்டும் தண்டின் பிளவில் நன்றாக நுழைந்திருக்கிறதா, பல்லில் துளை உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கதவை மூட வேண்டும். மூடியபின் ரிவைண்ட் குமிழை மெதுவாகத் திருப்பித் தளர்வை எடுத்துவிட்டு, அடுத்த படத்துக்குச் சுற்றும்போது அந்தக் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழலவில்லையென்றால் பிலிம் நகரவில்லை. எண் காட்டும் சக்கரத்தை நம்பக் கூடாது, அது பிலிம் நகராவிட்டாலும் ஓடும் கேமராக்கள் உண்டு. 36-க்கு மேல் சுற்ற முடியாமல் இறுகினால் பலவந்தம் வேண்டாம், துளைகள் கிழியும். அடியிலிருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாரம் சட்டென்று தளரும் வரை ரிவைண்ட் செய்துவிட்டுத்தான் கதவைத் தொட வேண்டும்.

வெளிச்சக் கசிவை அழகு என்று சொல்கிறார்கள். தேவையான இடத்தில் வந்தால் அழகுதான். பின்கதவு வழியாக வரும் கசிவு ஆரஞ்சு, சிவப்பு நிறமாக விழும், ஏனென்றால் கலர் நெகட்டிவில் சிவப்பை உணரும் அடுக்குதான் பின்பக்கம் பிலிம் தளத்தை ஒட்டி இருக்கிறது. எங்கே கசிகிறது என்று அறிய, இருட்டறையில் காலி கேமராவுக்குள் செல்போன் டார்ச்சைக் காட்டிக் கதவை முடிந்தவரை ஒட்டி வைத்து இடுக்குகளைப் பாருங்கள். கீல் பக்கமும் பூட்டுப் பக்கமும்தான் வழக்கமான இடங்கள். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வெளியே ஒட்டலாம்; நிரந்தரமாக அடைக்க வேண்டுமானால் கதவுப் பள்ளத்தில் தடித்த கறுப்புக் கம்பளி நூலை அழுத்தி வைத்தால் போதும். முழுவதும் அடைத்துவிட்டு, கசிவு வேண்டும் என்று நினைக்கும் படத்துக்கு மட்டும் டேப்பை ஓர் ஓரத்தில் உரித்து ஒரு நொடி வெயிலில் காட்டி மறுபடி ஒட்டுங்கள். அதற்குப் பெயர் பரிசோதனை. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பிளாஷ் உள்ள கேமராவின் உடலைப் பிரிக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டென்சர் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இரட்டைப் பதிவுதான் இந்த கேமராவின் உண்மையான சுகம். எம்35 போன்றவற்றில் ஒரே படத்தின் மேல் உடனே இரண்டாம் தடவை அழுத்த முடியாது. முழு ரோலையும் எடுத்து, திருப்பிச் சுருட்டி, மறுபடி போட வேண்டும். முதல்முறை ரோல் போடும்போதே, படம் விழும் சட்டத்தின் இடது விளிம்புக்கு நேராகப் பிலிமில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கதவை மூடியபின் எத்தனை தடவை வெற்றாக அழுத்திச் சுற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள். ரிவைண்ட் செய்யும்போது பாரம் தளர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும், நாக்கு வெளியே இருக்கும். இரண்டாம் முறை கோட்டை அதே விளிம்பில் உட்காரவைத்து, அதே எண்ணிக்கையில் சுற்றினால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஒரு பிரேமுக்கு 8 துளை. ஒரு துளை தவறினால் படம் எட்டில் ஒரு பங்கு விலகும்.

எதன்மேல் எது விழும் என்பதில் ஒரே விதிதான். முதல் படத்தில் வெளிச்சமாக இருந்த இடம் நிரம்பிவிட்டது, அங்கே இரண்டாவது படம் ஏறாது. இருட்டாக இருந்த இடத்தில் மட்டும் ஏறும். ஏற்காடு சாலையில் நிற்கும் பழைய சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவை, வானம் பின்னால் வெளுத்திருக்கும்போது எதிர்வெளிச்சத்தில் எடுங்கள். வளைவு கறுப்பு வடிவமாக விழும். அதே ரோலை மலை மேல் காப்பி இலைக்கொத்துகளில் திரும்ப ஓட்டினால், இலைகள் வளைவின் வடிவத்துக்குள் மட்டும் நிறையும். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-இல் அந்த ஸ்டூடியோவிலிருந்துதான் வந்தது என்பதால், பிலிமில் விளையாட சேலத்தில் அதைவிடப் பொருத்தமான கட்டடம் எங்களுக்குத் தெரியவில்லை. இதற்கு 100 அல்லது 200 ரோல் போடுங்கள். 400 ரோலை வெயிலில் இரண்டு தடவை ஓட்டினால் கூடுதல் 4 ஸ்டாப் ஆகிவிடும்.

பிலிமைத் தலைகீழாகப் போட்டு எடுக்கும் சிவப்புப் படங்களும் இப்போது பிரபலம். லேபில் காலி டப்பா ஒன்று கேட்டு வாங்குங்கள், வெளியே 2, 3 செ.மீ. வால் நீட்டிக்கொண்டிருப்பதாகப் பார்த்து. புது 400 ரோலின் நாக்கை நேராக வெட்டி, பிலிமைப் புரட்டிப் பிடித்து, எமல்ஷன் பக்கம் மாறும்படி அந்த வாலோடு இரண்டு பக்கமும் டேப் ஒட்டுங்கள். முழு இருட்டில் காலி டப்பாவின் தண்டைத் திருகி எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றி, முடிவில் வெட்டி, புது நாக்கு அமைத்துக்கொள்ளுங்கள். இனி வெளிச்சம் பிலிம் தளத்தின் வழியாக, சிவப்பு அடுக்கை முதலில் தொட்டுக்கொண்டு போகும். இதில் சுமார் 2 ஸ்டாப் இழப்பு. அதாவது 400 ரோல் 100 போல நடந்துகொள்ளும், வெயிலுக்கு மட்டுமே. வெளிச்சம் கூடினால் மஞ்சள் கலந்த ஆரஞ்சு, குறைந்தால் ரத்தச் சிவப்பு. சினிமா பிலிமை வெட்டிச் சுருட்டி விற்கும் ரோல்களில் பின்பக்கம் கரிப்பூச்சு இருந்தால் இதற்கு உதவாது. அந்தப் பூச்சு வெளிச்சத்தை மறித்துவிடும். சாதாரண லேபில் கொடுத்தால் அவர்கள் மருந்தையும் கெடுக்கும்.

பழைய ஸ்டூடியோ அலமாரிகளில் காலாவதி ரோல்கள் கிடைத்தால், 10 ஆண்டுக்கு 1 ஸ்டாப் வேகம் குறைந்ததாக வைத்துக்கொள்ளலாம். 20 ஆண்டு பழைய 200 ரோல் 50-ஆகிவிடுகிறது. நம் கேமராவில் வெயிலுக்கு அது கச்சிதம். சேலத்து வெக்கையில் கிடந்தது என்றால் இன்னும் மோசமாகவே இருக்கும். 1960-இல் ஊட்டியில் தொடங்கி இப்போது மூடப்பட்டுவிட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோல் யாரிடமாவது பிரிக்காமல் இருந்தால், கலர் ரோலைவிட அதற்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

35 மி.மீ.-ஐவிட அகலமான 120 ரோல் எடுக்கும் ஹோல்கா கேமரா பற்றிக் கொஞ்சம். 1982-இல் ஹாங்காங்கில் வந்தது, 60 மி.மீ. பிளாஸ்டிக் லென்ஸ், 12 சதுரப் படம். ஷட்டரும் சுற்றுவதும் தனித்தனி என்பதால் இரட்டைப் பதிவு இதில் சும்மா அழுத்தினாலே விழும், வேண்டாதபோதும் விழும். பின்பக்கத்துக் கிளிப் இரண்டும் கழன்று விழும், டேப் போட்டே வைக்கவும். சுருட்டும் தண்டு தளர்வாகச் சுற்றுவதால் ரோல் புடைத்து ஓரத்தில் வெளிச்சம் புகும்; ரோல் வந்த அட்டைப் பெட்டியின் ஒரு மடலை மடித்துத் தண்டுக்கு அடியில் வைத்தால் இறுக்கம் வந்துவிடும். வீட்டுப் பரணில் அக்ஃபா கிளிக் III கிடந்தால் ஹோல்கா வாங்கவே தேவையில்லை. அதுவும் 120-தான், 12 படம்தான்.

கழுவும் விஷயத்துக்கு வருவோம். கலர் ரோலுக்கான சி-41 முறையில், படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பர் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 நொடி. கால் டிகிரி பிசகினாலும் நிறம் மாறும், அதை லேபிடமே விட்டுவிடலாம். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். 1820-களிலேயே காப்பி நட்ட மலைக்கு அடிவாரத்தில் இருந்துகொண்டு காப்பியில் கழுவிப் பார்க்காமல் விடுவது நியாயமில்லை. காப்பியால் பிலிம் கழுவலாம் என்பதை 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் தன் மாணவர்களோடு செய்து காட்டினார். வேலை செய்வது கஃபீன் அல்ல, காப்பியிலுள்ள கஃபீக் அமிலம்.

ஒரு 35 மி.மீ. ரோலைக் கழுவும் வெளிச்சம் புகாத டேங்க்கில் 300 மி.லி. வேண்டும். அந்த அளவுக்கு நீரில்லாத சலவை சோடா 16 கிராம், வைட்டமின் சி தூள் 5 கிராம், இன்ஸ்டன்ட் காப்பித் தூள் 12 கிராம். சோடாவை முதலில் முழுக்கக் கரைத்து, பிறகு வைட்டமின் சி; நுரைத்து அடங்கியதும் காப்பி. நுரைக் குமிழ்கள் போக 5 நிமிடம் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் படத்தில் வட்டப் புள்ளிகள் விழும். 20 டிகிரியில் 15 நிமிடம். முதல் நிமிடம் விடாமல் ஆட்டி, பின்பு நிமிடத்துக்கு 10 நொடி. 400 ரோலில் மூட்டம் (நெகட்டிவ் முழுக்கப் படரும் சாம்பல் நிறம்) விழாமலிருக்க பொட்டாசியம் புரோமைடு 0.3 கிராம் சேர்க்க வேண்டும். அவ்வளவு சிறிய எடையை நிறுக்க முடியாது என்பதால் 10 கிராமை 100 மி.லி. நீராகக் கரைத்து வைத்துக்கொண்டு அதில் 3 மி.லி. எடுங்கள். வீட்டில் நாறும். ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

இதில் தவறுவது பெரும்பாலும் சோடாவில். சமையல் சோடா, ஆப்ப சோடா வேறு பொருள். அதைப் போட்டால் பிலிம் வெறுமையாக வெளியே வரும். சலவை சோடா கண்ணாடிக் கட்டி போல இருந்தால் அதில் எடையில் பாதிக்கு மேல் நீர்தான், 2.7 மடங்கு போட வேண்டும். 16-க்குப் பதில் 43 கிராம். வாசனைத் துணி சோப்புத் தூள் எதுவும் ஆகாது. அடுத்த தவறு காப்பியில். நம் வீட்டு பில்டர் காப்பித் தூளில் சிக்கரி எவ்வளவு என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும், ஒரு தடவை வந்தது மறுதடவை வராது. சிக்கரி கலக்காத மலிவு இன்ஸ்டன்ட் தூள்தான் சரி. சேர்வராயன் மலையில் விளைவது பெரும்பாலும் அராபிகா. குடிக்க அதுதான் உயர்ந்தது. பிலிமுக்கோ, கஃபீக் அமிலத்தைத் தரும் குளோரோஜெனிக் அமிலம் அதிகமுள்ள ரோபஸ்டா மேல். மலைக்காப்பியை டம்ளரில் ஊற்றிக்கொண்டு மட்ட ரகத் தூளில் பிலிம் கழுவுவதே முறை.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். சித்திரையில் சேலத்து மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும். அதில் கழுவினால் மூட்டம் ஏறும், எமல்ஷன் இளகி நகம் பட்டாலே உரியும். மண்பானைத் தண்ணீரில் மருந்தைக் கரைத்து, டேங்க்கை ஐஸ் கட்டி மிதக்கும் வாளியில் நிறுத்தி 20-க்குக் கொண்டுவாருங்கள். ஐஸை மருந்துக்குள் போடக் கூடாது. டெவலப்பர் முடிந்ததும் வினிகர் போன்ற அமிலம் ஊற்றாமல் வெறும் நீரால் மூன்று முறை அலசுங்கள். சோடாவும் அமிலமும் சேர்ந்தால் வாயு கிளம்பி எமல்ஷனில் ஊசித்துளை விழலாம். பிறகு படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, அதற்குச் சமையலறையில் மாற்று கிடையாது. 300 மி.லி. நீருக்கு 75 கிராம் போதும். பால் போலிருக்கும் பிலிம் எத்தனை நிமிடத்தில் தெளிகிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வைக்கவும். நம் ஊர் போர் தண்ணீர் உப்புக்கறை விடும் என்பதால் கடைசி அலசல் மட்டும் டிஸ்டில்டு வாட்டரில். பேட்டரிக் கடையில் கேட்கும்போது ஆசிட் கலந்ததைத் தந்துவிடப் போகிறார்கள், பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதை மலை ஓடையிலோ மூக்கனேரியிலோ கொட்ட வேண்டாம்.

பிலிமை எலுமிச்சைச் சாற்றிலும் சோப்பு நீரிலும் ஊறவைத்து எடுக்கும் பழக்கம் பற்றியும் கட்டுரை உற்சாகமாகச் சொல்லியிருந்தது. வீட்டிலேயே கழுவுகிறவர்கள் சேலத்து மாம்பழச் சாற்றில்கூட ஊறவைக்கட்டும். லேபில் கொடுக்கிறவர்கள் செய்யக் கூடாது. சர்க்கரையும் அமிலமும் இயந்திரத்தின் மருந்தில் கலந்தால் அன்றைக்கு அடுத்து வரும் அத்தனை பேர் ரோலும் பாழ். ஒருவேளை செய்துவிட்டால், மறைக்காமல் சொல்லி அவர்கள் சம்மதித்த பிறகே கொடுக்க வேண்டும்.

லேபில் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை எழுதிக் கொடுங்கள். ஒன்று, ஸ்கேனரின் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள்; பனிமூட்டத்தை மங்கல் என்றும், சிவப்புப் படத்தை நிறக்கோளாறு என்றும், இரட்டைப் பதிவைத் தவறு என்றும் அது திருத்திவிடும். இரண்டாவது, நெகட்டிவை ஆறாறு பிரேமாக வெட்டாமல் சுருளாகத் தரச் சொல்லுங்கள். படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் ரோலில் எங்கே வெட்டுவது என்று லேபுக்காரருக்குத் தெரியாது, நடுவில் வெட்டிவிடுவார். ஸ்கேன் கைப்பேசிக்கு வந்துவிட்டது என்று நெகட்டிவை வாங்காமல் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில மாதம் வைத்திருந்து லேபுகள் எறிந்துவிடுகின்றன. ரசீதிலேயே நெகட்டிவ் வேண்டும் என்று எழுதி வாங்குவது நல்லது.

இப்படிக்கு,
பிலிம் படப்பிடிப்பு ஆர்வலர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.